வெளியூர் போகும் பிள்ளைக்கு வழித்துணை

(கல்லூரியில் புதிதாய்ச் சேரும் மாணவ மாணவிகளுக்கும், அவர்கள் பெற்றோருக்கும்)



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்து, கல்லூரியில் இடமும் கிடைத்து, நமது பங்கின் பிள்ளைகள் பலர் இந்நாட்களில் திருச்சிக்கும் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பாளையங்கோட்டைக்கும் புறப்பட ஆயத்தமாகி வருகிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிறவர்கள். பெற்றோருக்கு உண்டான சந்தோஷம் சொல்லி முடியாது. அது நியாயமான சந்தோஷமே. அதற்காகச் சர்வேசுரனுக்குத் தோத்திரம் செலுத்துவோம்.

ஆனால் இந்தச் சந்தோஷத்தோடு ஒரு பயமும் கூடவே வீட்டுக்குள் வந்திருக்கிறது. பிள்ளை அதை வெளியே சொல்லுவதில்லை; பெற்றோரும் சொல்லுவதில்லை. பெட்டியில் தட்டு, டம்ளர், போர்வை, ஊறுகாய்ப் பாட்டில், சான்றிதழ்களின் நகல்கள் எல்லாம் ஒன்றும் குறையாமல் அடுக்கப்படுகின்றன. “அங்கே உனக்கு ஒரு கஷ்டம் வந்தால் யாரிடம் போய்ச் சொல்லுவாய்?” என்ற ஒரு கேள்வியை மாத்திரம் யாரும் கேட்பதில்லை. இந்த வாரப் பாடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டு, அதற்கு விடையும் தேடுவோம்.

1. தொபியாசின் பிரயாணம்

வேதாகமத்திலே தொபியாசின் சரித்திரத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நினிவே பட்டணத்தில் அந்நியராய் வாழ்ந்த பக்தியுள்ள தகப்பன் ஒருவர். அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. கையில் பணமும் இல்லை. வெகு தூரத்தில் மேதியா நாட்டிலே ஒருவரிடம் கொடுத்து வைத்திருந்த வெள்ளியை வாங்கி வரும்படி தமது ஒரே மகனை அனுப்ப நினைக்கிறார். மகனுக்கோ வழியும் தெரியாது, அந்த மனிதரையும் தெரியாது. கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்புகிற நமது குடும்பங்களின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான் அல்லவா?

அந்தத் தகப்பன் செய்த முதற்காரியத்தைக் கவனியுங்கள். வழி தெரிந்த, நம்பத்தக்க ஒரு மனிதனைத் துணைக்குத் தேடிக்கொள்ளும்படி மகனுக்குச் சொன்னார். துணை வந்தபோது, அவன் யார், எந்தக் குடும்பத்தான் என்று விசாரித்தார். அவனுக்குக் கூலி கொடுக்கவும் சம்மதித்தார். வந்தவர் அர்ச். இரபாயேல் சம்மனசு என்பது அப்போது அவருக்குத் தெரியாது. தாயோ மகனை அனுப்பிவிட்டு அழுதாள். பிற்பாடு அவன் திரும்பி வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நாள்தோறும் மேட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

பிரயாணத்தின் முதல் இரவிலேயே ஆபத்து வந்தது. திகிரிஸ் நதியில் கால் கழுவப் போன வாலிபன்மேல் ஒரு பெரிய மீன் பாய்ந்து வந்தது. அவன் என்ன செய்தான்? பயந்து, தன் துணைவரை நோக்கிக் கூவினான். சம்மனசு அவனைப் பார்த்து நகைக்கவில்லை. இதற்கா பயப்படுகிறாய் என்று கடிந்துகொள்ளவும் இல்லை. தாமே இறங்கி மீனைக் கொன்றுபோடவும் இல்லை. மீனின் செவுளைப் பிடித்துக் கரைக்கு இழுக்கும்படி வழி சொன்னார். வாலிபன் அப்படியே செய்தான். எந்த மீன் அவனை விழுங்க வந்ததோ அதன் பித்தமே பிறகு தகப்பனுடைய கண்ணுக்கு மருந்தாயிற்று.

இதிலிருந்து மூன்று காரியங்களைக் கற்றுக்கொள்ளுகிறோம். முதலாவது, பிள்ளை புறப்படுமுன் நல்ல துணையைத் தேடிக்கொடுப்பது பெற்றோர் கடமை. இரண்டாவது, ஆபத்தில் கூவி உதவி கேட்பது வெட்கமல்ல. தொபியாஸ் வாய் திறவாமல் இருந்திருந்தால் சரித்திரம் அந்த நதிக்கரையிலேயே முடிந்திருக்கும். மூன்றாவது, நல்ல துணை பிள்ளைக்குப் பதிலாகக் காரியத்தைச் செய்வதில்லை. அவனே செய்யும்படி கூட நிற்கும்.

2. பாரீஸ் பட்டணத்தில் தனியாய் இருந்த ஒரு மாணவன்

நமது பங்கில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியும் மருந்துச் செலவும் கொடுத்துவரும் அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையை அறியாதவர்கள் இல்லை. அந்தச் சபையை ஏற்படுத்தியவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதும், அவர்களில் முதல்வரானவர் வீட்டு நினைவால் வாடிய ஒரு முதலாண்டு மாணவராயிருந்தார் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரெடெரிக் ஓசானாம் என்பது அவர் பெயர். 1831-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தமது பதினெட்டாம் வயதில், பிரான்சு தேசத்து லியோன் நகரிலிருந்து சட்டம் படிக்கப் பாரீசுக்கு வந்தார். அவர் முதலில் தங்கின விடுதியில் இருந்தவர்களுக்கு வேத பக்தி இல்லை. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் அனுசரித்ததற்காக அவரைப் பரிகாசம் செய்தார்கள். அவருக்கு அந்தப் பெரிய பட்டணம் பாலைவனம்போல இருந்தது. தாம் படும் தனிமையை அவர் மறைக்கவில்லை; தமது தாயாருக்குக் கடிதம் எழுதி உள்ளபடியே சொன்னார்.

பிறகு ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தார். அவர்தாம் ஆந்திரே மரி ஆம்பியர். மின்சாரத்தை 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று நாம் அளந்து சொல்லுகிறோமே, அது இந்தச் சாஸ்திரியின் பெயரே. அவரும் லியோன் நகரத்தார். தம் ஊர்ப் பிள்ளை வருந்துகிறதைக் கண்டு, தமது வீட்டிலேயே ஓர் அறை கொடுத்துச் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்தார். ஒருநாள் மனச்சோர்வோடு அர்ச். முடியப்பர் பெயரால் விளங்கும் ஒரு கோவிலுக்குள் ஓசானாம் நுழைந்தபோது, உலகப் புகழ்பெற்ற அந்தச் சாஸ்திரி ஒரு மூலையில் முழந்தாளிட்டு ஜெபமாலை செய்துகொண்டிருந்ததைக் கண்டு திடன்கொண்டார் என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

அடுத்தபடியாக அவருக்கு நண்பர்கள் கிடைத்தார்கள். மாணவர் கூடிப் பேசும் விவாத சபையிலே, “உங்கள் திருச்சபை பழைய நாட்களில் நன்மை செய்தது சரி, இன்று நீங்கள் செய்வது என்ன?” என்ற கருத்தில் அவிசுவாசிகள் கேட்டார்கள். அதற்கு வாயால் பதில் சொன்னால் போதாது என்று கண்டு, 1833-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி, ஓசானாமின் இருபதாவது பிறந்தநாளில், ஆறு மாணவரும் எம்மானுவேல் பாய்யி என்ற பெரியவர் ஒருவருமாக எழுவர் கூடினார்கள். ஏழைகளின் வீட்டுக்கு எப்படிப் போவது, எப்படிப் பேசுவது என்று றோசலி என்னும் கன்னியாஸ்திரீ அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த எழுவர் சபை இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. ஓசானாம் பிற்காலத்தில் பாரீசின் சொர்போன் கலாசாலையில் பேராசிரியரானார். 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் தேதி, பாரீசில் உலக இளைஞர் கூடியிருந்த சமயத்தில், பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

அவரைத் தாங்கியவை எவை என்று எண்ணிப் பாருங்கள். மறைக்காமல் எழுதத்தக்க ஒரு தாய், கதவைத் திறந்த ஒரு பெரியவர், ஒரே மனதுள்ள நாலைந்து நண்பர்கள், கோவில், தன்னிலும் அதிகமாய்க் கஷ்டப்படுகிறவருக்குச் செய்யும் உதவி. இந்த ஐந்தும் நமது பிள்ளைகளுக்கும் கிடைக்கக்கூடியவையே. தன் அறையில் உட்கார்ந்து தன் துக்கத்தையே எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு அது வளரும். அடுத்தவன் வீட்டுப் படியேறுகிறவனுக்கு அது குறையும்.

3. முதலாண்டில் எதிர்ப்படும் மீன்கள்

இனி நமது பிள்ளைகள்மேல் பாய்ந்து வரும் மீன்கள் எவை என்று ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

(அ) பாஷை. தமிழ் வழியில் படித்துவந்த பிள்ளைக்கு முதல் மாதத்தில் வகுப்பில் பாதி புரியாது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் புரிகிறதுபோலத் தோன்றும். தனக்குத்தான் மூளை இல்லை என்று தீர்மானித்துவிடுவான். பிள்ளைகளே, அர்ச். இஞ்ஞாசியாரை நினைத்துக்கொள்ளுங்கள். போர்வீரராய் இருந்த அவர் 1524-ஆம் ஆண்டில், ஏறக்குறைய முப்பத்து மூன்றாம் வயதில், பார்சலோனா பட்டணத்தில் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார். அவருக்கு வராத வெட்கம் உங்களுக்கு எதற்கு? ஒரு சிறு நோட்டு வைத்துக்கொண்டு, அன்றன்று கேட்ட புதுச் சொற்களை எழுதி, அன்றைக்கே பொருள் தெரிந்துகொள்ளுங்கள். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் போய், தமிழ் வழியில் படித்தவன் என்று சொல்லிச் சந்தேகம் கேளுங்கள். கேட்கும் மாணவனை விரட்டுகிற ஆசிரியர் அபூர்வம்.

(ஆ) தனிமை. முதல் சில வாரம் வீட்டு நினைவு வருவதும், இரவில் அழுகை வருவதும் இயற்கை. ஓசானாமுக்கும் வந்தது. அதற்காகப் படிப்பை விட்டுவிட வேண்டாம். நேரத்தோடு சாப்பிட்டு, நேரத்தோடு தூங்கி, மாலையில் விளையாட்டிலோ நடையிலோ நாலு பேரோடு கூடியிருங்கள். இராத்திரி இரண்டு மணிவரை போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குக் காலை வகுப்பும் போகும், மனமும் சோரும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுதத் தடை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

(இ) பணம். விடுதிக் கட்டணம், மெஸ் பணம், புத்தகம், பஸ் செலவு எல்லாம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகும். அர்ச். இஞ்ஞாசியாருக்கும் இந்தக் கஷ்டம் வந்தது. அவர் 1528-இல் பாரீசுக்கு வந்ததும் தம்மிடம் இருந்த பணத்தைக் கூடத் தங்கின ஒருவரிடம் கொடுத்து வைத்தார். அந்த ஆள் அதைச் செலவழித்துவிட்டான். இவர் பிச்சையெடுத்து, ஏழைகளின் சத்திரத்தில் தங்கவேண்டியதாயிற்று. சத்திரத்துக் கதவு விடிந்துதான் திறக்கும், அந்திக்குள் சாத்தப்படும். அதனால் வகுப்புகள் தவறிப்போயின. பிறகு அவர் நல்ல யோசனை கேட்டு, விடுமுறையில் பிளாந்தர் நாட்டு வர்த்தகரிடம் போய் வருஷச் செலவுக்கு வேண்டிய உதவியைச் சேர்த்துக்கொண்டு, படிப்பு நாட்களில் படிப்பையே கவனித்தார். பண முடை வந்தால் மறைக்காமல், கேட்கவேண்டிய இடத்தில் கேட்க வேண்டும் என்பதே இதன் படிப்பினை. அரசுப் பள்ளிகளில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. இவற்றையும், முதல் பட்டதாரிச் சலுகை, மற்ற உதவித்தொகைகள் முதலியவற்றையும் பற்றிச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். போனில் ஐந்து நிமிஷத்தில் கடன் தருகிற செயலிகளை மாத்திரம் தொடவே வேண்டாம். அவர்கள் வட்டியும் கேட்பார்கள், மானத்தையும் வாங்குவார்கள்.

(ஈ) ராகிங். இது விளையாட்டல்ல; குற்றம். 1996-ஆம் ஆண்டு சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் ராகிங் தடுப்புக் குழு இருக்க வேண்டும். இரவும் பகலும் முறையிட 1800-180-5522 என்ற இலவசத் தொலைபேசி எண் உண்டு. அடுத்த வருஷம் நமது பிள்ளை மூத்த மாணவனாகும்போது இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு இதைச் செய்வானாகில், அது பெரிய பாவம் என்பதையும் பெற்றோர் இப்பொழுதே சொல்லி வையுங்கள்.

(உ) அரியர். பள்ளியில் முதல் மாணவனாய் இருந்தவன் கல்லூரியில் முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பரில் தவறிவிடுகிறான். உலகமே முடிந்துபோனதாக நினைக்கிறான். வீட்டில் சொல்லப் பயந்து, எல்லாம் பாஸ் என்று சொல்லுகிறான். ஒரு பொய்யைக் காக்க அடுத்த பொய் வருகிறது. தவறிய பேப்பரை அடுத்த தடவை எழுதித் தேறலாம். எழுதித் தேறினவர்கள் ஆயிரம் பேர் உண்டு. பிள்ளையைத் தின்றுவிடுவது அரியர் அன்று, அதை மறைப்பதுதான்.

4. மனம் முறிகிற வேளை

இன்னும் ஒரு மீன் உண்டு. அதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம்; பேசாததனாலேயே சில குடும்பங்கள் தீராத துக்கத்தில் விழுந்திருக்கின்றன. சில பிள்ளைகளுக்குச் சோர்வு வாரக்கணக்காய் நீடிக்கும். தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, போனை எடுக்கமாட்டார்கள், திருவிழாவுக்குக்கூட ஊருக்கு வரமாட்டார்கள், தாங்கள் எல்லாருக்கும் பாரம் என்று பேசுவார்கள், இருந்து என்ன பிரயோசனம் என்பார்கள். அப்பொழுது, “ஜெபம் போதவில்லை, அதனால்தான் இப்படி” என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். காய்ச்சல் வந்தால் ஜெபமும் செய்கிறோம், வைத்தியரிடமும் போகிறோம். மனதுக்கு வரும் நோய்க்கும் அப்படியே. வைத்தியரையும் மருந்தையும் தந்தவர் ஆண்டவரே.

பெற்றோரே, அந்நேரம் புத்திமதி சொல்லும் நேரம் அன்று. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்ப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். உயிரைப் பற்றிய நினைவு வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த நினைவு புதிதாய் உண்டாகிவிடாது, பாரம் இறங்கும். தனியே விடாமல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். பிள்ளைகளே, அப்படிப்பட்ட நினைவு உங்களுக்கு வந்தால் அன்றைக்கே, அந்த மணிக்கே, ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். யாரும் அகப்படாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இந்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் மனநல உதவி அது. எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். கூவுகிறவனுக்குத் துணை உண்டு என்பதைத் தொபியாசினிடம் கண்டோமே.

5. யாரிடம் சொல்லுவது?

ஒவ்வொரு மாணவனும் மாணவியும் கல்லூரி சேர்ந்த முதல் மாதத்துக்குள் நான்கு பேரைத் தேடி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, வீட்டில் ஒருவர். தகப்பனாரிடம் பேசப் பயமாயிருந்தால் தாயார். தாயாருக்கும் புரியாது என்று தோன்றினால் அக்காளோ, தாய்மாமனோ, சித்தியோ. ஒருவர் கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது, கல்லூரியில் ஒரு பெரியவர். வகுப்பு ஆசிரியர், விடுதி வார்டன், ஆலோசகர் இவர்களில் மனதுக்குப் பிடித்த ஒருவரிடம் கஷ்டம் வருமுன்னே போய்ப் பெயரும் ஊரும் சொல்லி அறிமுகமாகிக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவரிடம் அழுவது கடினம், தெரிந்தவரிடம் எளிது. ஓசானாமும் ஆம்பியரை வழியில் தற்செயலாய்ச் சந்திக்கவில்லை; தேடிப்போய்க் கண்டார்.

மூன்றாவது, ஒரு நல்ல நண்பன் அல்லது தோழி. பாரீசில் அர்ச். பார்பரம்மாள் பெயர்கொண்ட கல்லூரியிலே ஓர் அறையில் மூன்று மாணவர் தங்கினார்கள். இராயப்பர் பாபர் என்பவர் தமது மூத்த தோழருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தோழரோ பாபருடைய மனதை வாட்டிய வீண் அச்சங்களைத் தீர்த்துவைத்தார். அவர்தாம் அர்ச். இஞ்ஞாசியார். மூன்றாமவர் முதலில் இவர்களோடு ஒட்டவில்லை. அவருக்கு உலகப் பெருமையே பெரிதாயிருந்தது. பணமுடையில் இஞ்ஞாசியார் உதவி செய்து, பொறுமையாய் அவரை வென்றெடுத்தார். அந்த மூன்றாமவர்தாம் 1542-இல் நமது முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்து சேர்ந்த அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார். ஒரே அறையில் யார் யாரோடு தங்கினார்கள் என்பதன் பலனை நம்முடைய தமிழ்க் கரையே இன்றளவும் அனுபவிக்கிறது. ஆகையால் அறைத் தோழரைப் பற்றி அஜாக்கிரதையாய் இராதீர்கள். குடிக்கக் கூப்பிடுகிறவனையும், சூதாட்டத்துக்குக் கூப்பிடுகிறவனையும் வேண்டாம் என்று முதல் தடவையே சொல்லுங்கள். இரண்டாம் தடவை சொல்லுவது அதைவிடக் கடினம். 1924-இல் திருச்சி அர்ச். சூசையப்பர் கல்லூரியில் தோன்றிய ஐக்கஃப் என்னும் கத்தோலிக்க மாணவர் சங்கம் உங்கள் கல்லூரியில் இருந்தால் அதில் சேருங்கள்.

நான்காவது, ஒரு குருவானவர். கல்லூரிக்கு அருகிலுள்ள கோவில் எது, ஞாயிறு பூசை எத்தனை மணிக்கு என்று முதல் சனிக்கிழமையே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் ஞாயிறு போகிறவன் இரண்டாம் ஞாயிறும் போவான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டது வெளியே போகாது என்பது உங்களுக்குத் தெரியும். வெளியே சொல்ல முடியாததைச் சொல்ல ஆண்டவர் ஏற்படுத்திய இடம் அது. கத்தோலிக்கக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

6. பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை சொல்லவேண்டுமானால் கேட்கிற காது வேண்டும். ஒவ்வொரு தடவை போன் பேசும்போதும், “உனக்காக எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறோம் தெரியுமா? எங்கள் பெயரைக் கெடுத்துவிடாதே” என்று சொல்லுகிற வீட்டில், பிள்ளை நல்ல செய்தியை மாத்திரமே சொல்லும். கெட்ட செய்தி கடைசியில், வேறொருவர் வாயிலாகத்தான் வரும். மார்க்கைக் கேட்குமுன், என்ன சாப்பிட்டாய், யாரோடு சாப்பிட்டாய், தூங்கினாயா என்று கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.

பிள்ளை ஒருநாள் தயங்கித் தயங்கி ஒரு தவற்றைச் சொன்னால், முதலில் முழுவதும் கேளுங்கள். பிறகு, “சொன்னாயே, அது போதும், சேர்ந்து பார்த்துக்கொள்ளுவோம்” என்று சொல்லுங்கள். கண்டிக்க வேண்டியது இருந்தால் மறுநாள் கண்டிக்கலாம். ஊதாரி மகனுடைய தகப்பன் வழியில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட பிறகே மற்றக் காரியங்கள் நடந்தன. பெண்பிள்ளைகளைப் பொறுத்தமட்டில் இன்னும் ஒன்று: ஏதாவது தொந்தரவு என்று சொன்னால் உடனே படிப்பை நிறுத்தி ஊருக்கு அழைத்துவிடுவார்கள் என்ற பயத்தினாலேயே பலர் வாய் திறப்பதில்லை. தொந்தரவு செய்தவனைத் தண்டிக்க வேண்டும்; சொன்னவளைத் தண்டிக்கக் கூடாது. இந்த உறுதியைப் புறப்படுமுன்னே மகளுக்குக் கொடுத்து அனுப்புங்கள்.

7. பங்கு செய்யவேண்டியது

தொபியாசுக்குத் துணை தேடினதுபோலப் பங்குக் குடும்பம் முழுவதும் இந்தப் பிள்ளைகளுக்குத் துணை நிற்க வேண்டும். வெளியூர் போகும் மாணவ மாணவிகள் புறப்படுமுன் பங்களாவுக்கு வந்து என்னைப் பார்த்தால், அவர்கள் போகும் ஊரின் பங்குக் குருவுக்கு அறிமுகக் கடிதம் எழுதித் தருகிறேன். அந்தந்த ஊரில் முன்னரே படித்துக்கொண்டிருக்கும் நமது பங்கின் மூத்த மாணவர், வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் கோவில் மண்டபத்தில் கூடி, புதியவர்களோடு பேசித் தங்கள் போன் எண்களைக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். கட்டணத்துக்கு வழியில்லாத குடும்பங்கள் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் தயங்காமல் தெரிவிக்கலாம். ஒரு மாணவன் தொடங்கின சபை மாணவருக்கு உதவத்தானே கடமைப்பட்டிருக்கிறது!

குடும்பத்தில் கேட்டுப் பேசுவதற்கு

1. பிள்ளைக்குக் கேள்வி: உனக்குக் கஷ்டம் வந்தால் சொல்லக்கூடிய நான்கு பேர் யார் யார்? பெயர் சொல்.

2. பெற்றோருக்குக் கேள்வி: சென்ற வருஷத்தில் பிள்ளை ஒரு கெட்ட செய்தியைச் சொன்னபோது நாம் முதலில் சொன்ன வார்த்தை என்ன?

3. தம்பி தங்கைகளுக்குக் கேள்வி: அண்ணனுக்கோ அக்காளுக்கோ வாரம் ஒருமுறை போனில் பேச எந்த நாளை வைத்துக்கொள்ளப் போகிறோம்?

4. எல்லாருக்கும்: நம் ஊருக்குப் படிக்க வந்து தனியாயிருக்கும் வெளியூர்ப் பிள்ளை யாராவது உண்டா? இந்த ஞாயிறு அவனைச் சாப்பிடக் கூப்பிடலாமா?

புறப்படும் நாளில் பிள்ளையின் நெற்றியில் தகப்பனும் தாயும் சிலுவை அடையாளம் வரைந்து அனுப்புங்கள். அன்று முதல் இரவு ஜெபத்தின் முடிவில், வெளியூரில் இருக்கும் நமது பிள்ளைகளுக்காக அர்ச். இரபாயேல் சம்மனசை வேண்டி ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுவோமாக. பிள்ளைகளும் தங்கள் அறையில் அதே நேரத்தில் அதைச் சொல்லட்டும்.

சேசுநாதரில் உங்கள்
பங்குக் குரு